போட்டுப் பார்க்க இடமில்லை

‘இல்லை’ என்று சொல்வதற்கு முன்னால் டோக்கன் அக்கா ஒரு தடவை சிரித்துவிடுகிறார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் எதிரே நிற்பவர் கையில் எத்தனை உருப்படி என்று கண்ணாலேயே எண்ணிவிடுகிறார். பிறகுதான் வாயைத் திறக்கிறார்.

“சேல் முடியற வரைக்கும் ட்ரையல் ரூம் மூடியிருக்கும்மா. அளவு சொல்லுங்க, எடுத்துத் தர்றேன்.”

சொல்லிக்கொண்டே பூட்டிய கதவின் மேல் லேசாகச் சாய்ந்துகொள்கிறார். கால் வலிக்காகத்தான். பார்க்கிறவர்களுக்கு வழியை மறிப்பதுபோல் தெரிகிறது. அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கிக்கொள்கிறார்.

நான் இதையெல்லாம் பார்ப்பது எதிரே கிடக்கும் நீள இருக்கையிலிருந்து. மனைவியோடு துணி எடுக்க வரும் கணவன்மாரை இறக்கிவைப்பதற்கென்றே கடைக்காரர்கள் போட்ட இருக்கை. பைகளும் நாங்களும் அதில் ஒன்றாகக் கிடப்போம். பைகளுக்காவது யாராவது திரும்பி வருவார்கள் என்ற நிச்சயம் உண்டு.

கடையில் எல்லோருக்கும் அவர் டோக்கன் அக்கா. பெண்கள் பிரிவின் கடைசியில் உடுத்திப் பார்க்கும் அறைகள் நான்கு. உள்ளே எத்தனை துணி போகிறதோ அந்த எண் போட்ட பிளாஸ்டிக் வில்லையைக் கொடுத்து, வெளியே வரும்போது எண்ணி வாங்கிக்கொள்வது அவர் வேலை. சம்பளம் இல்லாத இன்னொரு வேலையையும் அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார். அறையைவிட்டு வெளியே வந்து “எப்படி இருக்கு?” என்று கேட்கும் பெண்களுக்குப் பதில் சொல்வது. பொருந்தினால், “நல்லாருக்கும்மா.” பொருந்தாவிட்டால், “கலர் நல்லாருக்கு.” பொய் சொன்னதாகவும் ஆகாது, கடைக்குத் துரோகம் செய்ததாகவும் ஆகாது. என் மனைவி முதல் தடவை அதைப் பாராட்டு என்று நினைத்து வாங்கிவந்து, வீட்டில் முதுகு ஜிப் பாதியில் நின்று மூச்சு முட்டிய பிறகுதான் அந்தப் பாஷை எங்களுக்குப் பிடிபட்டது. அதற்கப்புறம் ‘கலர்’ என்ற சொல் காதில் விழுந்ததுமே வந்த வழியே உள்ளே ஓடிவிடுவாள்.

அவருக்கே பொருந்தாத ஒரு துணி உண்டு. கடை கொடுத்த நீலக் கோட்டு. மொத்தமாகத் தைத்து இறக்கியது, தோள்பட்டை முழங்கைக்குப் போகிற அவசரத்தில் இருக்கும். கையை மடித்து ஊக்கு குத்தியிருப்பார். கேட்டால், “எனக்கு யாரு டோக்கன் குடுத்தா? குடுத்ததை மாட்டிக்க வேண்டியதுதான்” என்பார்.

தள்ளுபடி ஆரம்பித்த அன்று காலையில் நான்கு அறைகளிலும் அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் பூட்டிவிட்டார்கள். மாடி மேலாளர் சின்ன வயசுக்காரர், வாய் நிறைய ‘அக்கா’ போடுகிறவர். காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னாராம். “போட்டுப் பாத்தா பாதி திரும்பி வரும்க்கா. பாக்கலைன்னா மொத்தமும் பில்லுக்குப் போகும். சேல்ல எடுத்ததைத் திருப்பி வாங்கறதும் இல்லை. அப்புறம் என்ன?” கூடவே இன்னொன்றும் சொன்னார். இந்தத் தள்ளுபடி புகார் இல்லாமல் ஓடிவிட்டால், அறைகளையே இடித்துவிட்டு அங்கே துணி அடுக்கப்போகிறார்கள்.

“அப்போ நான் தம்பி?”

“பாப்போம்க்கா.”

அந்த ‘பாப்போம்’ எந்த ரகம் என்று வேலை பார்த்த யாருக்கும் தெரியும். டோக்கன் அக்காவின் வீட்டுக்காரர் வேன் ஓட்டியவர். இடுப்பு போனதிலிருந்து கட்டிலோடு சரி. மகள் கல்லூரியில் கடைசி வருஷம். வீட்டில் உலை கொதிப்பது இவர் சம்பளத்தில். “எனக்கு பில் போடத் தெரியாது, மூட்டை தூக்க முடியாது. கதவுகிட்ட நிக்கத் தெரியும், அவ்வளவுதான்” என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். “யாராவது கத்தினா, கஸ்டமரைச் சமாளிக்கத் தெரியலைன்னு சீட்டைக் கிழிப்பாங்க. யாருமே கத்தலைன்னா, ரூமே வேணாம்னு சீட்டைக் கிழிப்பாங்க. ரெண்டு பக்கமும் என் கழுத்துதான் சார்.”

யோசித்துப் பார்த்து, கத்தட்டும் என்று முடிவு செய்தார். திட்டு வாங்கினாலும் அறை மிஞ்சுமே. வருகிற பெண்களிடம் குரலைத் தாழ்த்தி, “மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கம்மா. நாலு பேர் கேட்டாத்தான் திறப்பாங்க” என்று சொல்ல ஆரம்பித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டிவிட்டு நேராக பில் வரிசைக்குப் போனார்கள். கால்சட்டை இடுப்பைக் கழுத்தில் சுற்றி அளவு பார்த்தார்கள். உடுத்தியிருந்த உடையின் மேலேயே இன்னொன்றை மாட்டி, அக்குளில் சிக்கிக்கொண்டு, ஒருவரையொருவர் இழுத்துவிட்டார்கள். பாதி விலை என்றால் நாம் எதற்குத்தான் சம்மதிக்க மாட்டோம்! நானே எழுந்துபோய் மேலாளரிடம் கேட்டேன். “நீங்களா சார் போட்டுப் பாக்கப் போறீங்க?” என்றார். பக்கத்தில் நின்ற விற்பனைப் பெண்கள் சிரித்தார்கள். டோக்கன் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

போன சனிக்கிழமை ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். கைப்பையை மார்பின் ஒரு பக்கமாக அணைத்துப் பிடித்திருந்தார். கையில் ஒரே ஒரு மேல்சட்டை. டோக்கன் அக்கா வழக்கம்போல் சிரித்து, வழக்கமான ‘இல்லை’யைச் சொன்னார். அந்தப் பெண் நகரவில்லை.

“ஆபரேஷன் ஆச்சுங்க. ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. திங்கக்கிழமை மறுபடியும் வேலைக்குப் போறேன். எது எப்படி நிக்கும்னு போட்டுப் பாக்காம தெரியாது.”

டோக்கன் அக்காவின் முகத்தில் இரக்கம் வந்தது. அதன் பின்னாலேயே ஒரு வெளிச்சமும் வந்தது. மேலாளர் சிரித்துத் தள்ளிவிட முடியாத ஒரு வார்த்தை கடைசியில் கிடைத்துவிட்டது.

“இதை அவர்கிட்ட சொல்லுங்கம்மா. நானும் கூட வர்றேன். கேட்டா திறந்துதான் ஆகணும்.”

“ஐயோ, அந்தத் தம்பிகிட்ட போய் இதை எப்படிங்க சொல்றது?” அந்தப் பெண் சுற்றும் முற்றும் பார்த்தார். என்னையும் பார்த்தார். “நீங்களும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ். பரவாயில்ல, விடுங்க.” சட்டையைத் திரும்பக் கம்பியில் மாட்டப் போனார்.

டோக்கன் அக்கா பூட்டிய கதவையும் மேலாளர் நின்ற பக்கத்தையும் பார்த்தார். அந்த நிமிஷத்தில் அவர் எதையெல்லாம் நினைத்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து, கண்ணாடி வைத்த தூணுக்குப் பின்னால் கூட்டிப்போனார். பக்கத்தில் தள்ளுபடித் துணி கொட்டிவைத்த தொட்டியிலிருந்து ஒரு பெரிய படுக்கை விரிப்பை உருவி உதறினார். “சார், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க.” திரும்பிக்கொண்டேன். துணி சரசரக்கும் சத்தம். பிறகு அவர் குரல்: “நல்லாருக்கும்மா.” கலரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பெண் அவர் கையை இறுக்கிப் பிடித்துவிட்டு பில் வரிசைக்குப் போனார். விரிப்பை மடிப்பதற்குள் மேலாளர் வந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகமெல்லாம் பல்.

“சூப்பர்க்கா! இது போதுமே, ரூமே வேணாம்! ரூம் ரூம்னு கேக்கறவங்களை எல்லாம் இனிமே இங்கயே அனுப்பறேன்.” திரும்பிக் கைதட்டி, துணிகளோடு நின்ற மூன்று பேரைக் கூப்பிட்டார். “இங்க வாங்கம்மா, அக்கா மறைச்சுப் பிடிப்பாங்க.”

மூவரும் தூணுக்குப் பின்னால் போனார்கள். அக்கா விரிப்பைப் பிரித்தார். மேல் விளிம்பில் அவர் விரல்கள் மட்டும் தெரிந்தன.

“மேல தோளெல்லாம் தெரியுதும்மா, இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் அதட்டியது.

விரிப்புக்குக் கீழே அக்காவின் வீங்கிய இரண்டு குதிகால்கள் செருப்பைவிட்டு மெல்ல மேலே எழுந்தன.