அப்பாவின் காது மெஷினும் என் காதும்

எனக்குப் பாம்புக் காது என்பாள் என் மனைவி. பாராட்டாக அல்ல. திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். படுக்கையறைச் சுவரில் யாரோ அணைக்காமல் விட்ட செல்போன் சார்ஜர் 'கீ' என்று மெல்லிசாகக் கத்துவது எனக்குக் கேட்கும். டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டு செட்டாப் பாக்ஸை அப்படியே விட்டால் அது இன்னொரு சுருதி. இன்வெர்ட்டர் எனக்கு ஜென்மப் பகை. கரண்ட் போனால் தெருவே சலித்துக்கொள்ளும், நான் ஒருவன்தான் "அப்பாடா" என்பேன். அந்த அப்பாடா வாயை விட்டுப் போவதற்குள் இன்வெர்ட்டர் எழுந்துகொள்ளும்.

வேலை விழுப்புரத்தில். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவேன். அலுவலகத்தில் என் தலைக்கு மேலேயே ஒரு டியூப் லைட் நாள் முழுக்க ரீங்காரம் போடும். அங்கே வாயைத் திறக்க முடியாது. ஆகவே ஸ்டேஷனில் நிறுத்தியிருக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல் ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்துக்கொண்டு போவேன். "வந்துட்டாரு கரண்டு ஆபீஸ்காரரு" என்பாள் மனைவி. வெளியே காட்ட முடியாத எரிச்சலைக் கொண்டுவந்து கொட்டுவதற்கு வீட்டைவிட வசதியான இடம் ஏது?

அம்மா போன பிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார். பெருமுக்கல் பக்கத்தில் இருக்கும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. அவருக்குக் காது மந்தமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நான்தான் விழுப்புரத்துக்கு அழைத்துப்போய் காது மெஷின் வாங்கிக் கொடுத்தேன். காதுக்குப் பின்னால் மெஷின், துளைக்குள் செருக ஓர் அச்சு. அப்பா அதை வெள்ளிக் கொலுசு மாதிரி பத்திரப்படுத்தினார். "கல்யாணம் காட்சின்னு போனா போட்டுக்கலாம்" என்று பீரோவில் பட்டு வேட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். என் மனைவிதான் கெஞ்சிக் கூத்தாடி தினமும் போட்டுக்கொள்ள வைத்தாள். போட்டுக்கொண்ட பிறகு அவருக்கு அது பிடித்துப் போயிற்று. குக்கர் விசிலை எண்ணி மருமகளுக்குச் சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மீசை முளைத்த மகனும் அப்பாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது குறைவு. சண்டை ஒன்றும் இருக்காது. பழக்கம் அப்படி. முன்பு அம்மா நடுவில் இருந்தாள், பிறகு என் மனைவி. "அவனைச் சாப்பிடச் சொல்லும்மா" என்பார் அப்பா, நான் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது. "அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடு" என்பேன் நான், மாத்திரை என் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது.

பொங்கல் முடிந்த பிறகு மெஷின் கத்த ஆரம்பித்தது. அப்பா தலையைத் திருப்பினால், மென்றால், சிரித்தால் 'கீச்'. மனைவிக்கும் அது கேட்டது, அவள் பொருட்படுத்தவில்லை. அதைப் போட்டிருந்த அப்பாவுக்குத்தான் கேட்கவில்லை. எனக்கோ பல் கூசியது. ஒரு நாள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா மெல்லும்போதெல்லாம் அது விடாமல் கத்தியது. நான் வழக்கம்போல மனைவியைப் பார்த்துத்தான் பேசினேன்.

"அந்த எழவைக் கழட்டி வைக்கச் சொல்லு. மனுசன் வூட்டுக்கு வந்தா நிம்மதியா ஒரு வாய் துன்ன முடியல."

இரண்டு வருடம் முன்பு என்றால் அந்த வார்த்தை அவர் காதில் விழுந்திருக்காது. அந்தத் தைரியம்தான் என் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது போல. ஆனால் அவர் காதில் இருந்தது நான் வாங்கிக் கொடுத்த மெஷின். ஒரு எழுத்து விடாமல் கேட்டிருக்கும். அவர் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் முதல் வீடு அமைதியாகிவிட்டது. எனக்குச் சந்தோஷம் என்பதை மறைத்துப் பயனில்லை. நான் இருக்கும் நேரத்தில் அப்பா காதில் மெஷின் இல்லை. டிவியில் செய்தி ஓடினால் வாயசைவைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் நாங்கள் சிரித்தால் அவரும் ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பார். வயசாகிவிட்டது, மெஷினில் ஆர்வம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். நேராகக் கேட்கும் பழக்கம் இல்லாதது எனக்கு எவ்வளவு தோதாகப் போயிற்று!

ஆடி மாதத்தில் ஒரு நாள் வண்டி சர்வீசில் இருந்தது. ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தேன். எங்கள் வீட்டு மதிலோரம் வரும்போதே அப்பாவின் குரல் கேட்டது. அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. கூடவே 'கீச்'. கேட்டின் கம்பி வழியாகப் பார்த்தேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எதிரில் என் மனைவி முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

மண்டகப்பட்டுக்கு அம்மாவைப் பெண் பார்க்கப் போன கதை. "பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் துன்னாச்சு. பொண்ணும் வந்து நின்னுட்ச்சு. அப்பறம்தான் எங்கப்பாரு கேக்குறாரு, இது அவுங்க வூடுதானேன்னு. பாத்தா பக்கத்து வூடும்மா! அவுங்களும் அன்னிக்கி மாப்பிள்ள வூட்டாருக்காகக் காத்துக்கினு இருந்துக்கீறாங்க."

மனைவி கீரையைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் அம்மாவைப் பற்றிய கதை, நான் கேட்டதே இல்லை. அப்பா சட்டென்று நிறுத்தினார்.

"மணி இன்னாம்மா ஆவுது? அவன் வர்ற நேரமாச்சே."

"இன்னும் வண்டி சத்தம் கேக்கல மாமா. நீங்க சொல்லுங்க."

"எனுக்கே கேக்கும். தெரு முனையாண்ட திரும்பும்போதே கேட்டுடுது. ஜல்தியா கழட்டிடுவேன். பாவம், நாளெல்லாம் ஆபீஸ்ல மாரடிச்சிட்டு வர்றான். இதுவும் கத்திக்கினு இருந்தா அவனுக்கு பேஜாரு."

கேட்டைத் தள்ளினேன். மனைவி என்னைப் பார்த்து முகம் மாறினாள். அதைப் பார்த்து அப்பா திரும்பினார். வண்டி சத்தம் இல்லாமல் நான் வந்து நின்றதில் அவர் தடுமாறிப்போனார். திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி மெஷினைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவசரத்தில் அதை அணைக்கவில்லை. பைக்குள் அது இன்னும் பலமாகக் கத்தியது. அது தெரியாமல், எல்லாம் சரியாகச் செய்துவிட்ட முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்போதும் எனக்குப் பல் கூசத்தான் செய்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

"உங்களாண்ட சொல்லக் கூடாதுன்னுட்டாருங்க" என்றாள் மனைவி, உள்ளே வந்ததும். அவள்மேல் கோபப்பட்டுத் தப்பித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அந்த அளவுக்கு மோசமானவன்தான் நான்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவை விழுப்புரத்துக்கு அழைத்துப் போனேன். காது பார்க்கும் பெண் அச்சைச் செருகிப் பார்த்துவிட்டு, "லூசாயிட்ச்சு சார். உடம்பு இளைச்சா காதுக்குள்ளயும் சதை வத்திடும். அந்த இடைவெளியில சத்தம் வெளிய வந்து கத்துது. ரொம்ப இளைச்சிட்டாரா?" என்றாள். அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. தினமும் அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்டுப் பல்லைக் கடித்தவனுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் இளைத்துக்கொண்டே போனது கண்ணில் படவில்லை. ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தோம். பயப்படும்படி ஒன்றுமில்லை என்றார்கள். பயம் எனக்குக் குறைந்தது, கூச்சம் குறையவில்லை.

புது அச்சு வந்தது. கீச்சு சுத்தமாக நின்றுவிட்டது. எனக்கே கேட்கவில்லை என்றால் யாருக்கும் கேட்காது. ஆனாலும் என் வண்டி சத்தத்துக்கு அப்பாவின் கை தானாகக் காதுக்குப் போகிறது. தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டும் வந்து பார்த்தேன். கேட் திறக்கும் சத்தம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

நேற்று அவர் கை மேலே போவதற்குள் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மனைவியைப் பார்க்காமல், அவரையே பார்த்து, "அப்பா, அதைக் கழட்டாதீங்க. பேசிக்கினு இருக்கலாம்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "இப்பக் கத்துதான்னு அவனைக் கேளும்மா" என்றார்.

"இல்லப்பா. சத்தியமா இல்ல. சுத்தமா நின்னுட்ச்சு" என்றேன்.

அவர் தலையாட்டினார். நான் சொன்னது அத்தனையும் அவருக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது.

"எதுக்கும் இருக்கட்டும்மா" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, மெஷினைக் கழற்றி, கவனமாக அணைத்து, பையில் வைத்துக்கொண்டார்.