அரை அங்குலத்தில் தீட்டிய கோலி ஸ்கேட்

"ஞாயிறு, காலை. அபி, கோலி. குழிவு அரை அங்குலம். பிழை."

2005–06 பருவத்தில் தென் லண்டனில் ஓர் ஐஸ் ஹொக்கி ரிங்கில் ஸ்கேட் என்ற சறுக்குச் சப்பாத்துகளைத் தீட்டியபோது நான் எழுதிவந்த கொப்பியில், நவம்பர்ப் பக்கத்தில் உள்ள பதிவு இது. கடைசிச் சொல் மட்டும் நீல மை. மற்றவை கறுப்பு. அந்த ஒரு சொல்லை எழுத எனக்கு மூன்று கிழமை பிடித்தது.

1. குழிவு

சுவிற்சர்லாந்தில் ஒன்பது வருடம் இதே வேலை செய்தவன் நான். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று தென் லண்டன் நோர்பரிக்குக் குடிவந்தபோது, கடைக்குப் போ, பெற்றோல் ஸ்டேஷனுக்குப் போ என்று ஆளுக்கொரு வழி சொன்னார்கள். நான் ரிங்குக்குப் போனேன். "அண்ணை சப்பாத்துக் கடையிலயோ வேலை?" என்று கேட்பவர்களுக்கு "ஓம்" என்று சொல்லிவிடுவேன். விளக்கப் போனால் தேத்தண்ணி ஆறிவிடும்.

உங்களுக்கு விளக்கத்தான் வேண்டும். ஸ்கேட்டின் தகடு கத்திபோலக் கூராக இருக்காது. அதன் அடியில் நீளவாக்கில் ஒரு குழிவு ஓடும். குழிவின் இரு கரைகளும்தான் ஐஸைப் பிடிக்கும். வெட்டித் திரும்பி ஓடும் ஆட்டக்காரருக்கு அரை அங்குலக் குழிவு. அது ஆழமானது, நன்றாகக் கடிக்கும். வலையைக் காக்கும் கோலிக்கு ஓர் அங்குலம். அது ஆழம் குறைந்தது, பக்கவாட்டில் வழுக்க விடும். அந்த எண் வளைவின் ஆரை, ஆழம் அல்ல; எண் பெரிதானால் ஆழம் குறைவு என்பதை நினைவில் வைத்தால் போதும்.

குழிவை மாற்ற வேண்டுமானால் தீட்டும் கல்லையே வைரமுனையால் மறுபடி செதுக்க வேண்டும். அதனால் எல்லா ரிங்கிலும் ஒரே வழக்கம்: ஆட்டக்காரர் முதலில், கோலி கடைசியில்.

2. பதினொரு மணிப் பூசை

எங்கள் ரிங்கின் பதினாறு வயதுக்குட்பட்ட அணி அந்தப் பருவத்தில் பிராந்திய இளையோர் லீக்கில் ஆடியது. ஆடியது என்பது மரியாதைக்காகச் சொல்வது. நவம்பர் வரை ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை.

அபிதான் கோலி. பதினைந்து வயது. நல்ல கண், வேகமான கை. ஒரே குறை, பக் என்ற ரப்பர் வட்டு வருகிறது என்று கண்டால் வலையை விட்டு வெளியே புறப்பட்டுவிடுவாள். எதிரணிக்காரன் அவளைச் சுற்றிக்கொண்டு போய் வெறும் வலைக்குள் போடுவான். பயிற்சியாளர் டெரிக், ஓய்வுபெற்ற தபால்காரர், என் பட்டறையில் வந்து புலம்புவார்: "முப்பது வருடம் நாய்களுக்குப் பயந்து கேற்றைச் சாத்தியவன் நான். இவள் கேற்றைத் திறந்துவிட்டு நடைபயிலப் போகிறாள்." இப்படியே போனால் டிசம்பர் நத்தாருக்குப் பிறகு வேறு கோலி என்றும் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு காலை அபியின் தகப்பன் அருளப்பு அவளுடைய ஸ்கேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். மன்னார்க்காரர், கத்தோலிக்கர்.

"அண்ணை, இதை மட்டும் முதல் செய்து தாங்கோவன். பதினொரு மணிப் பூசைக்குப் பிந்தீட்டுது."

"கோலி கடைசியிலதான் தம்பி. கல்லு மாத்தோணும்."

"என்ன அண்ணை, எங்கட ஆளுக்கே இப்பிடிச் சொன்னா நான் ஆரிட்டப் போறது?"

அதற்கு மேல் நான் என்ன செய்ய. வரிசையில் முன்னே எடுத்தேன். வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தீட்டிக் கொடுத்தேன். அவசரத்தில் கல்லை மாற்றவில்லை; அது அரை அங்குலத்திலேயே நின்றது.

பின்னேரம் ஆட்டம். அபியால் அசைய முடியவில்லை. ஸ்கேட் ஐஸைக் கடித்துப் பிடித்தது. வேறு வழியின்றி வலைக்குள்ளேயே ஆணி அடித்தாற்போல் நின்றாள். வந்த பக் எல்லாம் அவள் மேல் பட்டு விழுந்தது. முதல் வெற்றி.

3. உரிமை கோரியவர்கள்

அடுத்த கிழமை டெரிக் வந்து, தன் புதிய பயிற்சிமுறை வேலை செய்கிறது என்றார். அருளப்பு, அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியதாகச் சொன்னார். நான் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். அபியின் பெயருக்கு நேரே அரை அங்குலம் என்று இருந்தது.

"போன முறை எப்படித் தீட்டினீர்களோ அப்படியே தீட்டுங்கள், நன்றி" என்றார் டெரிக். அப்படியே தீட்டினேன். அதற்கடுத்த கிழமையும். ரிங்கில் சேர்ந்த பிறகு என்னைத் தேடி வந்து ஒருவர் நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. அதைக் கலைக்க மனம் வரவில்லை. இரண்டு ஆட்டமும் வென்றார்கள்.

மூன்றாம் கிழமை அபி தனியே வந்தாள்.

"அங்கிள், முழங்கால் நோகுது. சைட்ல மூவ் பண்ணவே ஏலாம இருக்கு. ஆனா கோச் பெர்பெக்ட் எண்டு சொல்றார்."

அன்றே டெரிக், அருளப்பு, அபி மூவரையும் பட்டறைக்குள் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன்.

"மாத்தாதேங்கோ அண்ணை" என்றார் அருளப்பு உடனே. "மூண்டு மேட்ச் வெண்டிருக்கு."

"வெண்டது சரி. முழங்கால் உம்மடையோ தம்பி?"

டெரிக் சிரிக்கத் தொடங்கினார். தன் பயிற்சிமுறையைப் பற்றிக் கமிட்டிக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தது நினைவுக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

அபி மட்டும் ஸ்கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் ஒண்டும் செய்யேல்லையா அங்கிள்?"

டெரிக் ஸ்கேட்டை எடுத்து என் கையில் தந்தார்.

பிறகு சொன்னார்: "ஓர் அங்குலத்துக்கே மாற்றுங்கள். ஆனால் அபி, மார்ச்சில் கடைசி ஆட்டம் வரை பார்ப்பேன். பழையபடி நடைபயிலப் போனால் அடுத்த பருவம் வலை உனக்கில்லை."

அன்றுதான் நீல மையை எடுத்தேன்.

4. கடைசி ஆட்டம்

முழங்கால் இரண்டு கிழமையில் சரியானது. அவள் மனம் சரியாகவில்லை. சரியான ஸ்கேட்டோடும் வலைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றாள். சில ஆட்டம் வென்றார்கள், பல தோற்றார்கள். கடைசி ஆட்டம் சமநிலையில் முடிந்தால்கூடப் கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் நிலைக்கலாம் என்ற கட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இரண்டு நிமிடம் மிச்சம். சமநிலை. எதிரணிப் பையன் ஒருவன் தனியே பக்கோடு வந்தான். அபி புறப்பட்டாள். என் பக்கத்தில் நின்ற அருளப்பு "ஐயோ, போறாள்" என்றார். டெரிக் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார்.

அவன் வழக்கம்போல அவளைச் சுற்றினான். அவள் அவனோடு சேர்ந்து பக்கவாட்டில் வழுக்கிப் போனாள். ஓர் அங்குலக் குழிவு அதற்குத்தான். வலையின் வாசலில் குறுக்கே விழுந்தாள். பக் அவள் காலுக்கடியில் மறைந்தது. நடுவர் இரு கைகளையும் விரித்தார்: கோல் இல்லை. ஆட்டம் அப்படியே சமநிலையில் முடிந்தது.

டெரிக் என்னிடம், "போனாள்தான். ஆனால் எங்கே போகிறாள் என்று தெரிந்து போனாள்" என்றார். அடுத்த பருவமும் வலை அபிக்கே.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டே. உங்கள் ஊர்க்காரன் வந்து கேட்டாலும் கோலி கடைசியில்தான். பிழை செய்தால் அன்றைக்கே சொல்லுங்கள். அது வெற்றி தரும் பிழையாக இருந்தால் இன்னும் சீக்கிரம் சொல்லுங்கள்.

அந்தக் கடைசிப் பக்கைப் பற்றிப் பின்னர் விசாரித்தேன். வலைக்குப் பின்னால் நின்று பக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்கும் கோல் ஜட்ஜ் அபியின் முதுகைத்தான் கண்டதாகச் சொன்னார். எதிரணிப் பயிற்சியாளர் அது கோல்தான் என்றார். அருளப்பு அந்த நேரம் கண்ணை மூடியிருந்தார். அபியிடம் கேட்டேன். "ரெஃப் சொன்னதுதான் அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பக் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதை என்னால் இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.