அத்தை அளந்த பைபாஸ் ரோடு

அந்த ஜெராக்ஸ் காகிதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆரணிக்குப் பக்கத்துச் சேவூரில், தன் வீட்டுத் தறி அறையில், அத்தை அதைத் தரைமேல் விரித்து இரண்டு பக்கமும் நூல்கண்டுகளை வைத்திருந்தாள். பாதி இடங்களில் மை பிடிக்காத, மங்கலான நகல். அதன் குறுக்கே இரண்டு இணைகோடுகள் போயின. அவற்றுக்கு நடுவில் அத்தை பேனாவால் ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தாள். அதுதான் அவளுடைய வீடு.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. ஊருக்கு வெளியே பைபாஸ் ரோடு வரப்போகிறது என்ற பேச்சு சேவூர் முழுக்கப் பரவியிருந்தது. யாரோ எங்கிருந்தோ அதன் வரைபடத்தைக் கொண்டுவர, ஜெராக்ஸ் கடையில் ஆளுக்கொரு நகல் போட்டுக்கொண்டார்கள். நான் வந்தவாசியில் ஒரு பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மாமா பள்ளிக்கே போன் செய்தார். போனில் பேசிப் பழக்கமில்லாத மனிதர். "வந்து ஒரு வாட்டி பாத்துட்டுப் போம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

போய்ப் பார்த்தபோது, தறியில் ஒரு கல்யாணப் புடவை பாதியில் நின்றிருந்தது. மாமா அதைத் தொட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. சாப்பிட உட்கார்ந்தவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்தார், வீட்டைச் சுற்றி வந்தார், சுவரில் கை வைத்தபடி நின்றார். அவருடைய அப்பா கட்டிய வீடு அது.

அத்தையும் ஒரு நிமிடம் உட்காரவில்லை. ஆனால் அவளை அலைக்கழித்தது வேறு. சிறுவயதிலிருந்தே ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாதவள் அவள். காரணமே இல்லாமல் டவுன் பஸ் ஏறி ஆரணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவாள், வேலூர் பஸ்ஸும் பெங்களூர் பஸ்ஸும் புறப்படுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். அவளுடைய ஒரே மகள் கல்யாணமாகிப் பெங்களூரில் இருந்தாள். அங்கேயே போய், ஆரணிப் புடவைகளை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விற்றுப் பிழைக்கலாம் என்று அத்தை பல வருடங்களாகச் சொல்லிவந்தாள். ஒவ்வொரு முறையும் மாமா வீட்டைக் காட்டி வாயை அடைத்துவிடுவார். இப்போது அந்த வீடே போகப்போகிறது. பாத்திரங்கள் சாக்கில் ஏறியிருந்தன. மகளிடம் வாடகைக்கு வீடு பார்க்கச் சொல்லியாகிவிட்டது.

அத்தை போட்ட கணக்கில் பிழை இல்லை. படத்தின் தலைப்பில் 1 : 2000 என்று இருந்தது. படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் இருபது மீட்டர். பள்ளிக்கூடத்து மதிலிலிருந்து ரோடு இரண்டரை சென்டிமீட்டரில் தொடங்கியது, அதாவது ஐம்பது மீட்டரில். ரோட்டின் அகலம் ஒரு சென்டிமீட்டர். வீடு, தரையில் அளந்தால், மதிலிலிருந்து அறுபது மீட்டர். ஆகவே ரோடு நேராகத் தறிமேல்தான் வரும்.

எனக்கு உறுத்தியது காகிதத்தின் அளவு. இதுபோன்ற படத்தைப் பெரிய தாளில்தான் வரைவார்கள். ஜெராக்ஸ் கடையில் அதைச் சுருக்கிச் சின்னத் தாளில் அடக்கியிருக்க வேண்டும். படம் சுருங்கினால் கோடுகள் சுருங்கும், 1 : 2000 என்ற எண் மட்டும் மாறாமல் அப்படியே நிற்கும். அடியில் கோடாக வரைந்த அளவுகோல் இருந்திருந்தால் அதுவும் படத்தோடு சேர்ந்து சுருங்கி உண்மையைச் சொல்லியிருக்கும். நகலில் அந்த ஓரம் விழவே இல்லை.

நானும் மாமாவும் டேப்பை எடுத்துக்கொண்டு போனோம். படத்தில் பள்ளி மதிலிலிருந்து பம்ப் ஷெட் வரை மூன்று சென்டிமீட்டர். எண்ணை நம்பினால் அறுபது மீட்டர் இருக்க வேண்டும். தரையில் நூற்றிருபது இருந்தது. படம் பாதியாகச் சுருங்கியிருந்தது. அப்படியானால் ரோடு தொடங்குவது ஐம்பதாவது மீட்டரில் அல்ல, நூறாவது மீட்டரில், வீட்டைத் தாண்டி நெல்வயலில். மாமா மூச்சு வாங்க வீட்டுக்கு நடந்தார். நேராகப் போய்த் தறியில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் தறிச்சத்தம் கேட்டது.

அத்தை காகிதத்தை மடித்தாள். பஸ் ஏற்றிவிட நிறுத்தம் வரை என்னோடு நடந்துவந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "நீ சரியாத்தான் கண்ணு கணக்குப் போட்ட. எனக்குத் தப்புக் கணக்குதான் வோணும்னு இருந்துச்சி. நான் அங்க போய்ச் சேந்துட்டேன்டி. இப்ப திரும்பி வான்னு சொல்ற."

அந்த வாரம் வகுப்பில் வரைபடக் கோட்டுச்சட்டங்கள் பாடம். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் கொண்டுவருகையில் பரப்பு, வடிவம், திசை, தூரம் எல்லாவற்றையும் ஒருசேரக் காப்பாற்ற முடியாது. எதைக் காப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று வரைபவர் முதலிலேயே தீர்மானித்தாக வேண்டும். ஆரஞ்சுத் தோலை மேசைமேல் அமுக்கி, அது கிழிவதைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். காட்டிக்கொண்டிருக்கும்போதே அத்தையின் நினைவு வந்து, பாடம் எங்கே நின்றது என்று பிள்ளைகளைக் கேட்க வேண்டியதாயிற்று.

கல்யாணப் புடவை முடிந்து தறியிலிருந்து இறங்கிய அன்று அத்தை மாமாவிடம் சொன்னாளாம்: "வூட்டு மேல ரோடு வர்லன்னாலும் நான் போறேங்க. வூட்ட நீங்க பாத்துக்கினு இருங்க."  சாக்கில் கட்டியிருந்த பாத்திரங்களில் பாதியை எடுத்து வைத்துவிட்டு, மீதியோடு அவள் போனாள். சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். மாமா தனியாகச் சமைத்து, தனியாக நெய்து, முடிந்த புடவைகளை பஸ்ஸில் போட்டு அனுப்பினார். அத்தை அங்கே வீடுவீடாக ஏறி விற்றாள்.

மூன்று மாதம் போயிருக்கும். மாமா வந்தவாசிக்கே என்னைத் தேடி வந்தார். ஆரணிக்கு அப்பால் தனியாகப் போனதே இல்லை என்றார். பெங்களூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அத்தை வீடு வரை வழி வரைந்து தரச் சொன்னார். நான் ஒருமுறை போய் வந்த நினைவை வைத்து ஒரு தாளில் வரைந்தேன்: ஒரு மேம்பாலம், ஒரு பிள்ளையார் கோயில், ஒரு பேக்கரி. எத்தனை சென்டிமீட்டருக்கு எவ்வளவு தூரம் என்று விவரமாகக் கேட்டார். இதில் அளவெல்லாம் கிடையாது மாமா, வரிசை மட்டும்தான் சரி என்றேன். அரைமனதாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நான்கு நாள் கழித்துப் பள்ளிக்குப் போன் வந்தது. பேசியது மாமா. பின்னால் யாரிடமோ விலை பேசிக்கொண்டிருக்கும் அத்தையின் குரலும் கேட்டது.

"படத்துல கோயிலும் பேக்கரியும் பக்கம் பக்கமா போட்டுட்டியேம்மா, நடந்து நடந்து கால் ஓஞ்சிபோச்சி," என்றார்.  "ஆனா வூடு வந்துடுச்சி."