எழுபது எழுத்தும் ஒரு பச்சை டிக்கும்

நான் முதலில் சேர்ந்த சாஃப்ட்வேர் கம்பெனி கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை மாடியில் இருந்தது. கம்பெனி என்றால் முதலாளி முரளி சார், நான், எனக்கு முன்பு இருந்தவர் விட்டுப்போன கோடிங். அவ்வளவுதான்.

எங்கள் பெரிய கஸ்டமர் பாபநாசம் ஜாபர் பாய். வளைகுடாவில் உழைத்த காசில் நெல் அறுவடை மெஷின்கள் வாங்கி வாடகைக்கு விடுபவர். அவருக்கு ஓர் ஆப் செய்திருந்தோம். நாளைக்கு மெஷின் இறங்கும் ஊரைத் தேர்ந்தெடுத்து பட்டனை அழுத்தினால், அந்த ஊர் விவசாயிகளுக்கு அவர் போனிலிருந்தே தமிழில் எஸ்எம்எஸ் போகும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பச்சை டிக் விழும். டெஸ்டிங்கை முரளி சாரே செய்தார். தன் போனுக்கு ஆங்கிலத்தில் ‘ஹாய்’ என்று அனுப்பினார். வந்தது. டெஸ்டிங் முடிந்தது.

சம்பா அறுவடை. மழை வரும் என்று செய்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாய் பட்டனை அழுத்தினார். எல்லாம் பச்சை. மறுநாள் காலை மெஷின் வயலுக்குப் போனது. அங்கே வயலைத் தவிர யாரும் இல்லை. நெல் ஏற்ற டிராக்டர் இல்லை, தண்ணீரும் வடித்திருக்கவில்லை.

பாய் போன் செய்தார். விவசாயிகள் மெசேஜ் பார்ப்பதில்லை, அவர்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று முரளி சார் விளக்கினார். விழிப்புணர்வோடு அவர் ஆபீசிலேயே இருந்துகொண்டு, என்னை பஸ் ஏற்றி அனுப்பினார்.

வயலில் அதன் சொந்தக்காரர் வசந்தா அக்கா மண்வெட்டியோடு வரப்பை வெட்டித் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டிருந்தார். அவர் போனை வாங்கிப் பார்த்தேன். மெசேஜே வரவில்லை. ஆப்பில் பச்சை காட்டுகிறதே என்று, சொல்லக் கூடாத இடத்தில் சொல்லிவிட்டேன்.

“ஒங்க போன்ல பச்சையா காட்டுனா என் வயல்ல தண்ணி வடிஞ்சிடுமாம்மா?” என்றார்.

வரப்பிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலம் என்றால் நூற்றறுபது எழுத்து போகும். தமிழ் என்றால் எழுபதுதான். அதிலும் காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனி எழுத்து. அதற்கு மேல் போனால் செய்தியைத் துண்டுகளாகப் பிரித்து அனுப்பச் சொல்ல வேண்டும். எங்கள் கோடிங் சொல்லவில்லை. போதாததற்கு, ‘மதிப்பிற்குரிய விவசாயப் பெருமக்களுக்கு எங்கள் நிறுவனத்தின் பணிவான வணக்கங்கள்’ என்று முரளி சார் தொடக்கத்தில் சேர்த்திருந்தார். மரியாதையிலேயே எழுபது தாண்டிவிட்டது. பாயின் போன் அனுப்ப மறுத்தது. மறுத்ததை யாரும் கேட்கவில்லை. ‘அனுப்பு’ என்று சொன்ன மறுவரியிலேயே கோடிங் டிக் போட்டுவிட்டது.

பாய் யாரையும் திட்டவில்லை. சேற்றில் இறங்கக்கூடிய செயின் மெஷினைப் பக்கத்து ஊரிலிருந்து வரவழைத்தார். டிராக்டருக்கும் அவரே சொன்னார். மழை பிடிப்பதற்குள் முக்கால்வாசி அறுத்தாகிவிட்டது. மிச்சம் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. வசந்தா அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி வரப்புக்குப் போனார்.

ஆபீசுக்கு வந்து, வணக்கத்தை எடுத்தேன். செய்தியைப் பிரித்து அனுப்ப வைத்தேன். போய்ச் சேர்ந்த தகவல் வந்தால் மட்டும் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. முரளி சாருக்குச் சிவப்பு பிடிக்கவில்லை. கஸ்டமர் பயந்துவிடுவார் என்றார். பாயிடமே கேட்டோம்.

“போவலன்னா போவலன்னு காட்டுங்க. நான் போன் போட்டுச் சொல்லிக்கிறேன்,” என்றார்.

இன்று வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நம் பக்கம் அனுப்பியாகிவிட்டது என்பது நமக்கு மட்டுமே ஆறுதல் தரும் தகவல். எதிர்ப் பக்கம் வந்ததா என்று கேட்கிற வரிகளை முதலில் எழுதுங்கள். ‘ஹாய்’ அனுப்பி டெஸ்ட் செய்யாதீர்கள். எந்த விவசாயியும் ஹாய்க்காகக் காத்திருப்பதில்லை.

முரளி சாரும் பாடம் கற்றுக்கொண்டார். அடுத்த கஸ்டமருக்கு டெமோ காட்டும்போது அந்தச் சிவப்பைச் சுட்டி, வேறு எந்த ஆப்பிலும் இல்லாத வசதி, தன்னுடைய சொந்த யோசனை என்றார்.