கொச்சிக் கடலும் எங்க சகலையும்

கொச்சியில எனக்குத் தெரியாத சந்தே கெடையாது. பொய்ங்க, ஒரே தடவைதான் போயிருக்கேன்.

எங்க சகலை முன்னாடியே போயிட்டு வந்து, "படகுல போங்க, மீன்வலையப் பாருங்க, பையை மட்டும் மணல்ல வைக்காதீக, கடல் ஏறி வரும்"னு சொன்னாக. என் பொண்டாட்டி வாயப் பொளந்து கேட்டா. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. வைகை அணைத் தண்ணி என்னைக்காச்சும் ஏறி வந்து பையத் தூக்கிருக்கா? கொச்சி போனதும் பைய வேணும்னே அலைகிட்டயே வச்சேன்.

கடல் ஏறி வந்துச்சு. பையப் பிடிக்க ஓடுன என் பொண்டாட்டிய அலை உருட்டிருச்சு. நல்லவேளை, மீன்காரரு ஒருத்தரு இழுத்துப் போட்டாரு. நனைஞ்ச சேலையோட, "அத்தான் அப்பவே சொன்னாகல்ல?"ன்னா. எனக்கு உசிரே போச்சு.

இப்பல்லாம் எங்க போனாலும் சகலைகிட்ட கேட்டுட்டுத்தான் கெளம்புறேன். அவுக அடுத்து போகச் சொன்ன ஊரு... இருங்க, கூப்பிடுறா.

"ஏங்க, அத்தான் வந்திருக்காக! ஓடிப்போயி நாட்டுக்கோழி வாங்கிட்டு வாங்க!"

கோழி அவுகளுக்கு, எனக்கு நேத்து வச்ச ரசம்தாங்க.