குழிக்காட்டில் வைத்த பாக்கு

அன்று காலை ஆறரை மணிக்கு ஆபீஸ் வராந்தாவில் இருந்த தெர்மாமீட்டர் ஏழரை டிகிரி காட்டியது. வழக்கம்போல நோட்டில் எழுதினேன். பிறகு மேட்டிலிருந்து பத்து நிமிடம் கீழே இறங்கிக் குழிக்காட்டுக்குப் போனேன். அங்கே தகர வேலியின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் சுரண்டினேன். பொடி உப்புப் போல உதிர்ந்து நகத்தில் கரைந்தது. உறைபனி. புல்லெல்லாம் வெளுத்து விறைத்து நின்றது. கால் வைத்த இடமெல்லாம் மெல்ல நொறுங்கியது.

அந்தக் காட்டில் என் பேச்சைக் கேட்டு வைத்த பாக்குக் கன்றுகள் நூற்று அறுபத்திரண்டு இருந்தன. பதினெட்டு வரிசை, வரிசைக்கு ஒன்பது. கீழே வேலி ஓரத்தில் முதல் வரிசை, மேலே பாறை ஓரத்தில் பதினெட்டாவது. பனியின் வெள்ளை ஏழாவது வரிசை வரை ஏறியிருந்தது. அதற்கு மேலே புல் வெறுமனே ஈரமாக இருந்தது.

ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர். ஆள் பேர் எழுதுவதும் மழை அளப்பதும் என் வேலை. குளிரை எழுதச் சொல்லி யாரும் சொன்னதில்லை. அது எனக்காக எழுதுவது. என் குவார்ட்டர்ஸைச் சுற்றிப் பனை வகைகள் வைத்திருக்கிறேன். விசிறிப்பனை இரண்டு, ஈச்சை ஒன்று, கூந்தல்பனை ஒன்று. சேலத்தில் நர்சரிக்காரர் "ஏற்காட்டுக்கா கொண்டு போறீங்க? குளுருல பொழைக்காதுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். மார்கழி பிறந்ததும் அடிக்குச் சருகு போட்டு, குருத்தைச் சுற்றிப் பழைய காப்பிச் சாக்கு கட்டிவிடுவேன். இதுவரை செத்தது ஒன்றே ஒன்று.

அது செத்த விதத்தை நான் மறக்கவில்லை. ஒரு கடுங்குளிர் வாரத்துக்குப் பிறகும் அது பல நாள் பச்சையாகவே நின்றது. பிழைத்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு நாள் நடுக்குருத்தைத் தொட்டபோது லேசாக ஆடியது. இழுத்தேன். எந்தப் பிடிமானமும் இல்லாமல் கையோடு வந்தது. அதன் அடி பழுப்பாக, கொழகொழவென்று, நாள்பட்ட கஞ்சி போல நாறியது. மற்ற மரம் என்றால் கிளை போனாலும் பக்கத்தில் துளிர்க்கும். பாக்கு உட்படப் பனை இனத்துக்கு உயிர் அந்த ஒரே குருத்தில்தான். அது உள்ளே அழுகிய பிறகும், ஏற்கெனவே விரிந்த மட்டைகள் வாரக்கணக்கில் பச்சையாக நிற்கும்.

குழிக்காடு ஒரு அண்ணன் தம்பிக்குப் பொது. தம்பி எங்கள் எஸ்டேட்டுக்கு மிளகு பறிக்க வருகிறவர், என் வயதுக்காரர். தன் பெண்ணை வாழப்பாடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். சம்பந்தி வீட்டுப் பாக்குத் தோப்பைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவருக்கு வேறு பேச்சில்லை. "தோப்புக்குள்ள நின்னு அண்ணாந்து பாத்தா வானமே தெரியலீங்க. அப்புடி நிக்குது. கன்னு வேணும்னா எடுத்துட்டுப் போங்கங்கறாரு சம்பந்தி."

அண்ணனுக்குச் சம்மதமில்லை. அந்தக் காட்டில் அவர்கள் ஆடியில் சாமை விதைத்து, கார்த்திகைக்குள் அறுத்து, மார்கழியும் தையும் வெறுமனே போட்டு வைப்பார்கள். அந்த இரண்டு மாதமும் அங்கே ஒரு அவரைக் கொடிகூட நிற்கக் கூடாது என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். மண்ணுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் வராந்தாவுக்கு வந்தார்கள்.

"ஏனுங்க ரைட்டரே," என்றார் தம்பி, "உங்க நோட்டப் பாத்துச் சொல்லுங்க. பாக்கு இங்க தாங்குமுங்களா?"

ஏழு குளிர்காலத்தின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். "ஆறு டிகிரிக்குக் கீழ ஒரு நாளும் இறங்கலீங்க. பாக்கு தாங்கும்."

அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். "ரைட்டரு குளுரக் கண்ணாடிக் கொழாயில பாக்குறாரு. எங்கப்பன் காலுல பாத்தான். அந்தக் காட்டுல மார்கழிக்குப் பொறவு ஒண்ணும் நிக்கக் கூடாதுங்க."

"ஏனுங்க அப்படி?"

"ஏன்னு நாங்க கேட்டதில்லீங்க. நிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"கேட்டாத்தானேண்ணா தெரியும்! அதுக்குத்தான் படிச்சவங்ககிட்ட வந்திருக்கறோம்," என்றார் தம்பி.

அண்ணன் சேர்வராயன் கோயில் இருக்கும் பக்கமாகத் திரும்பிக் கைகூப்பிவிட்டுச் சொன்னார். "மூணு வருசம் வெச்சுப் பாரு. மூணாந் தை முடிஞ்சு மரம் நின்னுதுன்னா காடு உனக்கு. இல்லேன்னா காடு எனக்கு. நான் சாமை வெதைச்சுக்கறேன். ரைட்டரு சாட்சி."

நான் தலையாட்டினேன்.

தெர்மாமீட்டரை ஒருமுறைகூட நான் குழிக்காட்டுக்குக் கொண்டுபோனதில்லை. ஆபீஸ் பொருளை ஆணியிலிருந்து எடுக்கக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அது தேவை என்று தோன்றவே இல்லை. ஏழு வருடம் ஒரு நாள் விடாமல் எழுதிய எண்கள் பத்து நிமிட நடை தூரத்தில் பொய்யாகும் என்று நான் நினைக்கவில்லை.

முதல் இரண்டு குளிர்காலமும் சாதாரணமாகப் போயின. கன்றுகளுக்கு நிழலாக வைத்த வாழை தழைத்தது. அதற்கடுத்த மழைக்காலத்தில் காட்டெருமைகள் இறங்கிப் பதினொரு கன்றை மிதித்துவிட்டன. சம்பந்தி வீட்டிலிருந்து வேறு கன்று வந்தது. எஸ்டேட்டில் காப்பிப் பழம் தோலுரிக்கும் பழைய பல்ப்பர் கொட்டகையைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தத் தகரங்களைக் கீழ்ப்பக்கம் வரிசையாக அடித்துவிடலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். ஆள் உயரத்துக்கு, இடைவெளி இல்லாமல் அடித்தோம்.

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தைத் தேடும். இது எனக்குத் தெரியாததல்ல. என் விசிறிப்பனைகளை மேட்டில் வைத்ததே அதனால்தான். தகரம் அடித்த அன்று எருமையை நினைத்தேன், காற்றை நினைக்கவில்லை. வழிந்து ஓடிக்கொண்டிருந்த குளிருக்கு நாங்கள் அணை கட்டியிருந்தோம்.

மூன்றாம் குளிர்காலத்தில், உறைபனி விழுந்த அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் கீழ்ப்பாதி வாழை முழுவதும் வேகவைத்தது போலக் கறுத்துத் தொங்கியது. தம்பி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"வாழை போச்சுங்க ரைட்டரே. போனாப் போவுது. பாக்கப் பாருங்க! கிண்ணுனு நிக்குது."

பாக்கு பச்சையாகத்தான் நின்றது. ஒரு மட்டைகூடத் தளரவில்லை. நான் அதன் நடுக்குருத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே பாறையின் மீது அண்ணன் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் அங்கே வந்து உட்கார ஆரம்பித்தார். பீடி ஒன்று தீரும்வரை வரிசைகளைப் பார்ப்பார், எழுந்து போய்விடுவார்.

பதினோராம் நாள், அண்ணனும் தம்பியும் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், நான் தனியாக இறங்கிப் போனேன். முதல் வரிசையில் மூன்றாவது கன்று. நடுக்குருத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, பூப்பறிக்கிற அளவுக்குத்தான் இழுத்தேன். வந்துவிட்டது. அதே பழுப்பு, அதே நாற்றம்.

அந்தக் குருத்தை அது இருந்த துளையிலேயே திரும்பச் செருகினேன். நேராக நிற்கிறதா என்று இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தேன். கையை மண்ணில் தேய்த்துவிட்டு மேடேறி வந்தேன்.

மறுநாள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து எடுத்துப் போய், குருத்துகளில் ஊற்றச் சொன்னேன். காப்பிக்கு அடிக்கிற அதே மருந்துதான்.

"நல்லாத்தான இருக்குது? மருந்து எதுக்குங்க?" என்றார் தம்பி.

"சும்மா, ஒரு பாதுகாப்புக்கு."

அவர் நூற்று அறுபத்திரண்டுக்கும் குவளை குவளையாக ஊற்றினார். அவர் மனைவி சாணி உரம் சுமந்து வந்து அடிக்கு வைத்தார். "உங்க புண்ணியத்துல நின்னுருச்சுங்க ரைட்டரே. மக ஊட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன், பனியே கொட்டியும் பாக்கு நிக்குதுன்னு," என்றார் அந்த அம்மாள். நான் தகர வேலியைப் பார்த்தேன். அதைப் பிரிக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அன்றைய பக்கத்தில் மருந்து, அளவு, நேரம் மட்டும் எழுதினேன்.

ஒரு வாரம் கழித்து மேகமே இல்லாத ஒரு சாயங்காலம் வந்தது. காற்று நின்றுவிட்டது. ஏற்காட்டு ஒண்டிக்கடையிலிருந்து பஸ்ஸில் திரும்பி வந்தபோது ஜன்னல் கம்பி கையைச் சுட்டது போலிருந்தது. மறுநாள் விடிந்ததும் போனேன். இம்முறை வெள்ளை பதின்மூன்றாவது வரிசை வரை ஏறியிருந்தது. பாறையில் அண்ணன் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து வரிசைகளை எண்ணுவதைப் பார்த்தார்.

"எண்ணுங்க ரைட்டரே, எண்ணுங்க," என்றார். "நீங்க எண்ணி முடிக்கட்டும்னுதான் அதுவும் மெதுவா ஏறுது."

தை முடிய மூன்று நாள் இருந்தபோது தம்பியின் மனைவிதான் கண்டுபிடித்தார். "ஏனுங்க, ஒரு மாசமா கீழ்ப்பக்கம் ஒரு குருத்துங்கூட விரியக் காணோமே?" என்று என்னிடம் வந்து கேட்டார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் மறுபடியும் சமாளிக்க முடியவில்லை. "உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க. அவர் அண்ணனையும் கூப்பிடுங்க," என்றேன்.

நால்வரும் முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தோம். குருத்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினேன். தகர வேலி குளிர்காற்றை உள்ளே தேக்கிவிட்டது என்பதையும் சொன்னேன். முதல் கன்று, வந்தது. இரண்டாவது, வந்தது. மூன்றாவதைத் தம்பி தொட்ட உடனேயே குருத்து சாய்ந்து விழுந்தது. அது மட்டும் காய்ந்து சுருண்டிருந்தது. அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத யாரோ முன்னாடியே புடுங்கிச் செருகியிருக்காங்களே."

"நான்தாங்க."

"எப்ப?"

"பனி விழுந்து பதினோராம் நாள்."

அவர் விரலை மடக்கி மடக்கி நாளை எண்ணினார். அதை என்னால் பார்க்க முடியவில்லை. "அப்புடின்னா, ரெண்டாந்தடவ பனி வரதுக்கு மிந்தியே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தகரத்தால குளுரு தேங்கி நின்னதுன்னு?"

"அதுவும் தெரியும்."

"அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா தகரத்தப் புடுங்கிக் கடாசியிருப்பனே. இன்னும் ஆறு வரிசை நின்னுருக்குமே." அவர் சத்தம் போடவில்லை. அந்த அம்மாள்தான், "ஒரம் சொமந்தனே சாமி, செத்த பொணத்துக்கு ஒரம் சொமந்தனே," என்று சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அடுத்த கன்றுக்குப் போய் இழுத்தார். அதற்கடுத்தது. வரிசை வரிசையாக மேலே ஏறினோம். பதின்மூன்றாவது வரிசையின் கடைசிக் கன்றும் கையோடு வந்தது. பதினான்காவதின் முதல் கன்றை அண்ணன் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. இன்னொரு முறை அழுத்தி இழுத்தார், கன்றுதான் வளைந்தது. அதற்கு மேல் ஒன்றுகூட வரவில்லை. ஐந்து வரிசை, நாற்பத்தைந்து கன்று.

பேச்சுப்படி மொத்தக் காடும் அண்ணனுக்குத்தான். ஆனால் அவர் வரப்பிலிருந்து ஒரு கல்லைப் புரட்டிக் கொண்டுவந்து, பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவில் போட்டார்.

"நிக்கறது உன்னுது. நிக்காதது என்னுது," என்றார். "பங்காளி வாயில நான் விழ வேண்டாம்."

தம்பியும் குனிந்து இன்னொரு கல்லை எடுத்தார். இருவரும் கோடு நெடுகக் கல் போட்டார்கள். கோடு பாதி தாண்டியதும் தம்பி கீழே கையைக் காட்டினார்.

"அந்தத் தகரத்தப் பிரிச்சரலாங்களாண்ணா?"

"அதெப்புடி? நாளைக்குச் சாமை வெதைச்சா எரும எறங்காதா?"

"கார்த்திகையில அறுத்துருவீங்களே. அதுக்குப் பொறவாவது..."

"பாக்கலாம்," என்றார் அண்ணன். கல்லைக் காலால் அழுத்தி மண்ணில் உட்கார வைத்தார். அந்தப் பதிலில் கோபமில்லை. அவர் நெஞ்சில் என்ன இருந்தது என்றும் தெரியவில்லை.

தம்பி என் பக்கம் திரும்பினார். இத்தனை நாளும் என்னைப் பார்த்த அந்தச் சிநேகமான பார்வை இப்போது இல்லை. ஆனாலும் கேட்க அவருக்கு வேறு ஆளில்லை.

"ரைட்டரே, நோட்ட வேண்டாம். நீங்களே சொல்லுங்க. தகரம் நின்னா அடுத்த மார்கழிக்குப் பனி இந்தக் கல்லத் தாண்டுமுங்களா?"

அண்ணனும் கேட்டுக்கொண்டிருந்தார். இருவரையும் பார்த்துச் சொன்னேன்.

"தாண்டுமுங்க."

தம்பி தலையாட்டினார். அண்ணன் அடுத்த கல்லுக்காக வரப்பை நோக்கி நடந்தார்.