முந்தானையில் முடிந்த மண்

“...அவன் வாசல்ல போட முடியலன்னா எவன் வாசல்லயாச்சும் போட்டுத்தாண்டா ஆவணும், தம்பி. எத்தினி வருசம் இத முடிஞ்சிக்கிட்டே திரியறது?” என்று என் அக்கா செல்வி கேட்டபோது, இங்கிலாந்தின் வடக்கே ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் பரிசுக்கடையில், டீக்கோப்பைகளுக்கும் சாவிக்கொத்துகளுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தோம். அவள் விரல்கள் முந்தானை முடிச்சின் மேல் இருந்தன. முடிச்சுக்குள் அவள் ஊரான கிள்ளையின் கடற்கரை மண். இந்த நாட்டில் எதைச் சுற்றிப் பார்க்கப் போனாலும் கடை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். சிதம்பரம் கோயிலில் அர்ச்சனைத் தட்டுக்காரர்கள் உள்ளே போகும்போதே பிடித்துக்கொள்வார்கள். சாமி பார்த்துவிட்டு வருகிறவனை யாரும் சீண்டுவதில்லை. இங்கே சாமியைக் காட்டிவிட்டுத்தான் தட்டை நீட்டுகிறார்கள். பதினோரு வருடமாக இந்த ஊரில் பஸ் ஓட்டுகிறேன், இன்னும் எனக்கு இது பழகவில்லை.

அக்கா ஆறு மாத விசாவில் வந்திருக்கிறாள். வந்த முதல் வாரமே அவள் கேட்டது பனியையோ கோட்டையையோ அல்ல. “இங்க டிவி ஆபீசு இருக்காடா?” என்றாள். இருக்கிறது, டிக்கெட் எடுத்தால் யாரையும் உள்ளே விடுவார்கள் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். “மெட்ராசுல ரெண்டு தபா போனேன். கேட்டுல நின்ன வாட்ச்மேன் நாய வெரட்டறாப்ல வெரட்டுனான். இங்க சீட்டு கிழிச்சி உள்ள கூட்டிக்கினு போறானா? நல்ல ஊருடா!” பெட்டியில் கொண்டுவந்த கருவாட்டுக்காக விமான நிலையத்தில் நடுங்கியவள், மண்ணுக்கு மட்டும் பயப்படவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வழக்கு போட வக்கற்றவர்களுக்கு எங்கள் பக்கம் இருக்கிற கடைசி நீதிமன்றம் மண்தான். கெடுத்தவன் வாசலில் நின்று ஒரு பிடி மண்ணை வாரித் தூற்றி, “நாசமாப் போ” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அப்புறம் மண் பார்த்துக்கொள்ளும். அக்கா யாரை நினைத்து அந்த மண்ணை அள்ளினாள் என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? அந்த ஆளை அவள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான்.

அப்போது நான் கடலூர் முதுநகரில் கேபிள் டிவிக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். புயல் அடித்து நான்காம் நாள், சென்னையிலிருந்து ஒரு டிவி வேன் எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவன் இறங்கி, “படகு திரும்பாத வீடு ஏதாச்சும் தெரியுமா?” என்றான். எனக்குத் தெரியாதா? கலியமூர்த்தி மாமாவின் படகு திரும்பவில்லை. என் அக்கா புருஷன். வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து வழி காட்டினேன். சிதம்பரத்தில் நிறுத்தி எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தான். அந்தக் காபி நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடல் ஒரு பதில் சொல்லும்வரை பெண்டாட்டி ஒப்பாரி வைக்கக் கூடாது என்பது எங்கள் குடும்பங்களில் வழக்கம். இருக்கிறவனை வாயால் சாகடித்தது போல் ஆகிவிடும். நாலு நாளும் அக்கா பொட்டு கலைக்காமல், உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடிப்புச் சட்டைக்காரன் சுவரில் இருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றினான். “இத டிவில காட்டுறோம்மா. எங்கயாச்சும் கரையேறியிருந்தா பாத்தவங்க சொல்லுவாங்க. நீங்க கொஞ்சம் அழுதீங்கன்னாதான் ஜனங்க பாப்பாங்க.” அக்கா என்னைப் பார்த்தாள். நான், “அழுக்கா, மாமா கெடைப்பாரு” என்றேன். அழுதாள். கேமராவில் என்னவோ கோளாறு என்றார்கள். “இன்னொரு தடவை அழச் சொல்றாங்கக்கா” என்று சொன்னவனும் நான்தான்.

அன்று சாயங்காலம் டிவியில் அக்காவின் அழுகை வந்தது. மறுநாளும் வந்தது. மாமாவின் படம் வரவே இல்லை. போட்டோவும் திரும்பி வரவில்லை. அதை எடுத்த சிதம்பரம் ஸ்டுடியோவில் போய்க் கேட்டால் பழைய நெகட்டிவ் எல்லாம் வெள்ளத்தில் போய்விட்டது என்றார்கள். மாமாவும் வரவில்லை. “உசுரோட இருந்தவனுக்கு ஒப்பாரி வச்சி அனுப்பிட்டாளே” என்று மாமியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று யாரோ அக்காவுக்கு ஆறுதல் சொன்னார்கள். “பொறுத்துப் பாத்தேன், எனக்குக் கெடச்ச பூமி ஒரு கைப்பிடிதான்” என்று முந்தானையைக் காட்டினாள். நானும் சும்மா இல்லை. இந்த ஊர் மழையில் அந்த மடிப்புச் சட்டைக்காரன் என் பஸ்ஸின் பின்னால் ஓடி வருகிறான். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுக் கிளம்புகிறேன். மனசுக்குள் எத்தனையோ தடவை அவனை நனையவிட்டிருக்கிறேன்.

இன்று சுற்றிக்காட்டிய பெண்ணின் பெயர் எமிலி. தங்கமான பெண். செய்தி வாசிக்கிற மேசையில் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, எதிரே திரையில் ஓடுகிற ஆங்கிலத்தைப் படிக்கச் சொன்னாள். அக்காவின் முறை வந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை. இடுப்புப் பையிலிருந்து மாமாவின் மீனவர் சங்க அட்டையை எடுத்தாள். அவர் முகம் மிஞ்சியிருப்பது அதில் மட்டும்தான், தபால்தலை அளவுக்கு. அதைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். “இவுரு பேரு கலியமூர்த்தி. ஊரு கிள்ளை. வலது புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்கும். பாத்தவங்க சொல்லுங்க.” குரல் பிசகவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பின்னாலிருந்த பெரிய திரையில் மாமா ஆள் உயரத்துக்கு வந்து நின்றார், முகவாயில் சங்கத்து முத்திரையோடு.

கூட வந்தவர்கள் கை தட்டினார்கள். புருஷனுக்கு வாழ்த்துச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ. எமிலி பூரித்துப்போய், “லவ்லி! ஒன் மோர் டைம், வித் எ பிக் ஸ்மைல்!” என்றாள்.

“என்னடா சொல்றா?”

“இன்னொரு தடவை... சொல்லச் சொல்றாங்கக்கா.”

அக்கா அட்டையை மடியில் வைத்துக்கொண்டு எழுந்தாள். எமிலியை அவள் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள். “அன்னிக்கும் நீதாண்டா சொன்ன” என்றாள்.

கடையில் அந்தக் காட்சியைப் படமாக எடுத்து வைத்திருந்தார்கள். கோப்பையில் அச்சடித்துத் தரவா என்று கேட்டார்கள். “அவுரு மூஞ்சில டீ ஊத்திக் குடிக்கறதா? சட்டம் போட்டுக் குடுக்கச் சொல்லு” என்றாள். சட்டம் போட்ட மாமாவை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பியவள்தான், எவன் வாசல்லயாச்சும் போட்டாக வேண்டும் என்று ஆரம்பித்தாள். இவர்கள் என்ன பாவம் செய்தார்கள், இது நான் சம்பளம் வாங்கிச் சாப்பிடுகிற ஊர் அக்கா, என்றேன். “சாப்புட்றது நீதானே. அப்ப இது உன் வாசலுதானே?” என்றாள்.

அப்புறம் முடிச்சை அவிழ்த்தாள். என் வலது கையை இழுத்து விரித்து, பாதி மண்ணை அதில் கொட்டினாள். “வழி காட்டுன கை இதுதான். இதே தூத்தட்டும்.” மீதிப் பாதியை மெட்ராஸுக்கென்று மறுபடி இறுக்கி முடிந்துகொண்டாள். தானாகத் திறந்த கண்ணாடிக் கதவைத் தாண்டி, மாமாவோடு அந்தப் பக்கம் போய், என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.